நான்காவது வால்வு

இதய நோய் என்றதும் நமக்கு டாக்டர்தான் நினைவுக்கு வருவார். அந்தக் கதையில் இன்ஜினியருக்கும் பெரிய பங்கு உண்டு. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சிறு வயதில் தொண்டைப் புண்ணைக் கவனிக்காமல் விட்டால், சில பிள்ளைகளுக்கு மூட்டுவலிக் காய்ச்சல் வந்து இதய வால்வே கெட்டுப்போகும். ஏழைக் குடும்பங்களில்தான் இது அதிகம். 1970களில் செயற்கை வால்வு வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். அந்த விலை யாருக்குக் கட்டுப்படியாகும்?

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் இதய அறுவை நிபுணர் எம்.எஸ்.வலியத்தானும் பொறியாளர் ஜி.எஸ்.புவனேஷ்வரும் நம் நாட்டிலேயே ஒன்றைச் செய்யத் துணிந்தார்கள். வால்வு என்பது ஒரு வளையம், அதற்குள் திறந்து மூடும் ஒரு வட்டு. கேட்க எளிது. ஆனால் இதயம் வருடத்துக்கு 3.5 கோடி தடவைக்கு மேல் துடிக்கிறது. அத்தனை தடவையும் வட்டு அசைய வேண்டும். அதுவும் உப்புள்ள ரத்தத்தில்! எங்கள் கூனிமேடு, மரக்காணம் பக்கம் உப்பளக் காற்று பட்ட இரும்பு என்ன பாடுபடும் என்று பார்த்தவர்களுக்கு இந்தச் சிரமம் புரியும்.

முதல் மாதிரியில் பற்றவைத்த இடம் சோதனையிலேயே முறிந்தது. இரண்டாவதில் வட்டுக்குச் செயற்கை நீலக்கல்லைப் போட்டார்கள். அந்தக் கல் டைட்டானியம் வளையத்தையே தேய்த்துவிட்டது. மூன்றாவதில் வளையத்தை ஹெய்ன்ஸ் 25 என்ற கடினமான கோபால்ட் கலவைக்கு மாற்றினார்கள். இப்போது ஆட்டுக்குப் பொருத்திப் பார்த்தபோது கல் உடைந்தது.

நான்காவதில் கல்லை விட்டுவிட்டு, அதிக மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீன் வட்டைப் போட்டார்கள். ஆம், ஒரு வகை பிளாஸ்டிக்தான்! அது உடையவில்லை, வளையத்தையும் தேய்க்கவில்லை. 1990 டிசம்பர் 6 அன்று முதல் முறையாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. பிறகு டி.டி.கே. நிறுவனம் தயாரிக்க, 1 லட்சத்துக்கும் அதிகமான பேருக்கு அது பொருத்தப்பட்டிருக்கிறது. வலியத்தான் 2024இல் காலமானார்.

விலை உயர்ந்த பொருள்தான் நீடித்து உழைக்கும் என்பதில்லை. பக்கத்தில் இருக்கும் பொருளோடு ஒத்துப்போவதுதான் உழைக்கும். இதைக் கண்டுபிடிக்க மூன்று தோல்விகள் தேவைப்பட்டன.

இந்த வால்வு வைத்தவர்கள் ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட வேண்டும். அதனால் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சலோடு தொண்டை வலி வந்தால், தானே சரியாகும் என்று விடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். அந்த வால்வு தேவைப்படாமலே போவதுதான் எல்லாவற்றிலும் நல்லது.