மேடுகளின் நிழல் விழும் வரை

வெப்பமானி இல்லாத காலத்தில் அரபுப் பாலைவன மக்கள் வெயிலை எதைக் கொண்டு அளந்தார்கள்? ஹதீஸ் நூல்களில் நமக்குக் கிடைக்கும் விடை எளியது: உள்ளங்கை, நெற்றி, நிழல்.

நபி (ஸல்) அவர்களுடன் லுஹர் தொழும் ஜாபிர் (ரலி) அவர்கள், ஒரு பிடி சிறு கற்களை அள்ளிக் கைக்குள் ஆற வைத்து, ஸஜ்தாவில் அவற்றின் மீது நெற்றியை வைப்பார்கள் என்று அபூதாவூதில் பதிவாகியுள்ளது. அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பிலோ, கற்களின் இடத்தில் ஆடையின் ஓரம் வருகிறது. பாலைவனத்தில் பிறந்தவர்களுக்கு வெயில் உறைக்காது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உறைக்கத்தான் செய்தது.

ஒரு பயணத்தில் முஅத்தின் லுஹருக்குப் பாங்கு சொல்ல முற்பட்டபோது, வெப்பம் தணியட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவர் மீண்டும் முற்பட, மீண்டும் அதையே கூறினார்கள். மணல் மேடுகளின் நிழலைக் கண்ணால் காணும் வரை காத்திருந்ததாக அபூதர் (ரலி) அறிவிக்கிறார்கள். உச்சி வேளையில் தாழ்ந்த மேட்டுக்கு நிழல் இராது. அது தெரியத் தொடங்கினால் சூரியன் நன்றாகச் சாய்ந்துவிட்டது என்று பொருள்.

இந்தச் சலுகை யாருக்கு என்பதில் பின்னர் கருத்து வேறுபாடு எழுந்தது. வெப்ப நாட்டில், தொலைவிலிருந்து ஜமாஅத்துக்கு நடந்து வருவோருக்கே என்றார்கள் இமாம் ஷாஃபிஈ (ஹிஜ்ரி 204). பயணத்தில் எல்லோரும் ஒரே இடத்தில்தானே இருந்தார்கள், தொலைவு எங்கே வந்தது என்று அந்த அபூதர் ஹதீஸைக் கொண்டே மறுத்தார்கள் இமாம் திர்மிதீ (ஹிஜ்ரி 279). நமக்கு இந்த விவாதம் மிகவும் பிடித்தமானது. ஷாஃபிஈ மத்ஹபின் நூல்கள் தாமதத்துக்கு வைத்த எல்லையும் ஒரு நிழல்தான்: தொழ வருபவர் நடந்து வருமளவுக்குச் சுவரோரம் நிழல் விழ வேண்டும்.

ஆனால் உடலின் கணக்கு ஊருக்கு ஊர் மாறும். நம் கடற்கரை ஊர்களில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் வியர்வை உலராமல் சட்டையை நனைக்கிறது. புழுக்கம் என்று உடனே சொல்லிவிடுகிறோம். மக்காவின் வறண்ட கோடைக் காற்றிலோ வியர்வை சுரந்த வேகத்திலேயே ஆவியாகிவிடும். தோல் உலர்ந்தே இருப்பதால், உடல் இழக்கும் நீர் கண்ணுக்குத் தெரிவதில்லை. வியர்க்கவே இல்லை என்று ஹாஜிகள் வியப்புடன் சொல்வது இதனால்தான். அந்த நேரத்தில் நாவறட்சிக்காகக் காத்திராமல் தண்ணீர் அருந்த வேண்டும்.

2024 ஹஜ்ஜின்போது ஹரம் ஷரீஃபில் வெப்பம் 51.8 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அந்த ஹஜ்ஜில் 1,301 பேர் வஃபாத்தானதாக சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் 83 விழுக்காட்டினர் அனுமதியின்றி வந்தவர்கள். நிழலும் இளைப்பாற இடமும் இன்றி, நேரடி வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள்.