தங்கையின் விண்ணப்பமும் பி.எஸ்சி. நர்சிங்கும்

போன வாரம் எங்கள் தெருப் பெண் ஒருத்தி பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலோடு வந்தாள். "தாத்தா, பி.எஸ்சி. நர்சிங்குக்குப் போடணும். என்னென்ன சர்டிபிகேட் வேணும்னு சொல்லுங்க" என்றாள். செம்மங்குப்பத்தில் எந்த விண்ணப்பம் நிரப்புவதென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். குமாஸ்தா உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவனுக்கு மிஞ்சிய மரியாதை இது. அவளுக்கு வேண்டியதை எழுதிக் கொடுத்து அனுப்பினேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். முதலில் இந்தப் படிப்பின் கதையைப் பார்ப்போம்.

நான் புதுச்சேரியில் மாமா வீட்டில் தங்கி பிரெஞ்சு வழியில் படித்தவன். நர்சை அங்கே 'அன்ஃபிர்மியேர்' என்போம். உடல் தளர்ந்தவர்களைப் பார்த்துக்கொள்பவள் என்று பொருள். ஆங்கிலத்தில் உள்ள 'நர்ஸ்' என்ற சொல்லும் பழைய பிரெஞ்சிலிருந்து போனதுதான்; பாலூட்டி வளர்க்கும் தாதியைக் குறித்த சொல் அது. நம் சங்க இலக்கியத்தில் வரும் செவிலித்தாயும் வளர்ப்புத் தாய்தானே! பெயரெல்லாம் நல்ல பெயர்தான். அந்தப் படிப்புக்கு மரியாதை வரத்தான் நெடுங்காலம் ஆயிற்று.

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871-இல் நர்சுகளுக்குப் பயிற்சிப் பள்ளி தொடங்கியபோது சேர்ந்தவர்கள் 4 பேர். வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையாரின் மருத்துவமனையில் 1909-இல் நர்சிங் பள்ளி வந்தது. இங்கெல்லாம் சேர்ந்த பெண் மருத்துவமனையிலேயே தங்குவாள். வார்டில் வேலை செய்துகொண்டே தொழிலைக் கற்றுக்கொள்வாள். கல்லூரி, பட்டம் என்ற பேச்சே அப்போது கிடையாது.

1946-இல் போர் கமிட்டி அறிக்கை வந்தது. நாட்டில் 43,000 பேருக்கு ஒரு நர்சுதான் இருக்கிறார் என்று அது கணக்குச் சொன்னது. டாக்டரோ 6,300 பேருக்கு ஒருவர். டாக்டரைவிட நர்சு எத்தனை அரிதாக இருந்திருக்கிறார் பாருங்கள். அதே 1946-இல்தான் டில்லியிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் நர்சிங்குக்கு நான்கு ஆண்டுப் பட்டப் படிப்பு தொடங்கியது. வேலூர்ப் படிப்புக்குப் பட்டம் கொடுத்தது சென்னைப் பல்கலைக்கழகம். நர்சிங் என்பது கைவேலை மட்டுமல்ல, கல்வியும்தான் என்று பல்கலைக்கழகமே ஒப்புக்கொண்டது. மறு ஆண்டு இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் வந்து, நாடு முழுவதும் ஒரே தரத்துக்கு வழி செய்தது.

ஆனால் வேலூரில் திறந்த கதவு நம் பக்கத்து வீடுகளில் திறக்கவில்லை. 1973-இல் என் தங்கை எஸ்.எஸ்.எல்.சி. நல்ல மதிப்பெண்ணில் தேறினாள். பட்டம் வேண்டும் என்றுகூட அவள் கேட்கவில்லை. உதவித்தொகையோடு ஆஸ்பத்திரியில் கொடுக்கும் நர்சு பயிற்சியில் சேர வேண்டும் என்றுதான் கேட்டாள். விண்ணப்பத்தை நான்தான் வாங்கி வந்தேன். அப்பா கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். "கண்டவங்களைத் தொட்டு, ராத்திரி டியூட்டி பாக்கிற பொண்ணை எவன் கட்டுவான்?" என்றார். அந்தக் காலத்தில் பல வீடுகளில் கேட்ட பேச்சுதான் அது.

வேலைக்குச் சேர்ந்து சம்பாதிக்கும் பிள்ளை நான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால் அப்பா யோசித்திருப்பார். நான் பேசவில்லை. விண்ணப்பம் என் ஆபீஸ் மேஜை டிராயரில் கிடந்தது. கடைசித் தேதியும் போயிற்று. ஊரார் மனுக்களையெல்லாம் தேதி முத்திரை குத்தி வாங்கிக்கொண்டிருந்த கை இது.

பிறகு காலம் மாறியது. சிதம்பரம் அண்ணாமலை நகரில் 1929-இலிருந்தே பல்கலைக்கழகம் உண்டு. அங்கே 1985-இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி வந்தது. ராணி மெய்யம்மை நர்சிங் கல்லூரியும் அதே வளாகத்தில் ஏற்பட்டது. பட்டப் படிப்பு பஸ்ஸில் போய்வரும் தூரத்துக்கு வந்துவிட்டது, கட்டணம்தான் எட்டவில்லை. அரசுக் கல்லூரிக் கட்டணமே வேண்டும் என்று அங்குள்ள மருத்துவ மாணவர்கள் பல வாரம் போராடியது உங்களுக்கு நினைவிருக்கும். 2021 தொடக்கத்தில் மருத்துவக் கல்லூரியோடு பல் மருத்துவக் கல்லூரியும் நர்சிங் கல்லூரியும் சுகாதாரத் துறையின் கீழ் வந்தன. எம்.பி.பி.எஸ். கட்டணம் ஆண்டுக்கு 13,610 ரூபாய் ஆனது. நர்சிங்குக்கும் அரசுக் கட்டணமே என்றானது.

இன்று சேர்க்கை எப்படி என்று பேரப் பிள்ளைகளுக்காகச் சொல்லிவைக்கிறேன். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். ஆங்கிலத்திலும் தேறியிருக்க வேண்டும். டிசம்பர் 31-க்குள் 17 வயது நிரம்ப வேண்டும். சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள தேர்வுக் குழுவுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும். மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை போடுவார்கள். 69 சதவீத இட ஒதுக்கீட்டின்படி கலந்தாய்வு நடக்கும். தமிழ்நாட்டு அரசு இடங்களுக்கு நீட் கிடையாது. புதுச்சேரி ஜிப்மரில் சேர வேண்டுமென்றால் நீட் எழுத வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு, நீட் எழுதவில்லையே என்று விண்ணப்பிக்காமலே விட்டவர்கள் உண்டு. ஆண் பிள்ளைகளும் சேரலாம். சாதிச் சான்றிதழையும் நேட்டிவிட்டி சான்றிதழையும் ரிசல்ட் வரும் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண் வந்துபோனதை மறுநாள் தங்கையிடம் போனில் சொன்னேன். அவளுக்கு இப்போது பேரன் பேத்தி இருக்கிறார்கள். ஊரில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் போய்த் தொட்டுப் பார்ப்பவள் அவள்தான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அண்ணே, அந்தப் பொண்ணு ஃபாரத்தையாவது கடைசித் தேதி வரைக்கும் வெச்சிருக்காதே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

அன்றே அந்தப் பெண்ணையும் அவள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு இ-சேவை மையத்துக்குப் போனேன். விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது என்ற ரசீதை அவள் கையில் வாங்கிக் கொடுத்த பிறகுதான் வீடு திரும்பினேன்.