வீட்டில் செய்யும் வால்வு கிட்டார் ஆம்ப்ளிஃபயர்: மின்மாற்றியைப் பொருத்துவதும் ரீங்காரத்தைக் குறைப்பதும்

கிட்டாரை இன்னும் இணைக்கவே இல்லை. அதற்குள் ஸ்பீக்கரிலிருந்து ‘ம்ம்ம்’ என்று ஓர் ஓசை. வால்வு ஆம்ப்ளிஃபயரைச் சொந்தமாகச் செய்துபார்க்கும் இளையர்கள் பலரும் முதலில் சந்திக்கும் சிக்கல் இது. எல்லாம் செய்து முடித்த பிறகு இந்த ரீங்காரத்தை எப்படி ஒழிப்பது என்று தேடத் தொடங்குவார்கள். உண்மையில் அதன் பெரும்பகுதி, இரும்புப் பெட்டியில் முதல் துளை போடும்போதே முடிவாகிவிடுகிறது.

எந்த மின்மாற்றியை வாங்குவது, அதை எங்கே, எந்தத் திசையில் பொருத்துவது, அதற்குப் பிறகும் ரீங்காரம் வந்தால் காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

எடுத்துக்காட்டு: ஃபெண்டர் சேம்ப்

புதிதாகத் தொடங்குவோர் அதிகம் தேர்ந்தெடுப்பது, அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனம் 1950களின் பிற்பகுதியில் தயாரித்த ‘சேம்ப்’ ஆம்ப்ளிஃபயரின் 5எஃப்1 மின்சுற்று. மூன்றே வால்வுகள்: ஒலியைப் பெருக்கும் 12ஏஎக்ஸ்7, ஸ்பீக்கரை இயக்கும் 6வி6, மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் 5ஒய்3. ஏறக்குறைய 5 வாட் ஆற்றல்தான் என்றாலும் வீவக வீட்டின் ஓர் அறைக்கு அது தாராளம்.

இதில் இரண்டு மின்மாற்றிகள் உண்டு. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை வால்வுகளுக்குத் தேவையான அளவுகளுக்கு மாற்றுவது மின்வழங்கு மின்மாற்றி. 6வி6 வால்வையும் ஸ்பீக்கரையும் இணைப்பது வெளியீட்டு மின்மாற்றி. முன்னது பரப்பும் காந்தப்புலத்தைப் பின்னது வாங்கிக்கொண்டால் ரீங்காரம் பிறக்கும்.

முதலில் பாதுகாப்பு

இந்தச் சிறிய பெட்டிக்குள் 300 வோல்ட்டைத் தாண்டும் நேர்மின்சாரம் ஓடுகிறது. உயிரைப் பறிக்க அது போதும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கிகளில் அது தங்கியிருக்கும்.

“வீட்டு மின்பெட்டியில் ஆர்சிசிபி இருக்கிறதே, அது காப்பாற்றும்” என்று பலர் நினைக்கிறார்கள். மலேசியாவில் இஎல்சிபி என்று சொல்லப்படுவதும் இதுதான். சுவர் மின்சாரம் உடல்வழியாகத் தரைக்குக் கசிந்தால் அது இணைப்பைத் துண்டிக்கும். ஆனால், மின்மாற்றியின் மறுபக்கத்திலுள்ள உயர் அழுத்த மின்சாரம் தாக்கும்போது அது மின்மாற்றிக்கே திரும்பிச் செல்கிறது. சுவர்ப் பக்கத்தில் கசிவு எதுவும் தெரியாது. எனவே, ஆர்சிசிபி அசையாமல் இருக்கும்.

முதல் மின்தேக்கியின் இரு முனைகளுக்குக் குறுக்கே 220 கிலோஓம், 2 வாட் மின்தடை ஒன்றை நிரந்தரமாகப் பற்றவைத்துவிட்டால், நிறுத்திய ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் மின்சாரம் வடிந்துவிடும். அப்படியிருந்தும், கை வைப்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் மீட்டரால் அளந்து பார்க்க வேண்டும். மின்வேலையில் பழக்கமில்லாதவர்கள், பழக்கமுள்ள ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளாமல் இதில் இறங்கக்கூடாது.

நம் மின்சாரத்துக்கு ஏற்ற மின்மாற்றி

சேம்ப் அமெரிக்க வடிவமைப்பு. அங்கு 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இணையத்தில் வாங்கிய அமெரிக்கப் பாகத் தொகுப்பை அப்படியே நம் சுவரில் செருகினால் மின்மாற்றி எரிந்துபோகும்.

வோல்ட்டைக் குறைக்கும் தனி மின்மாற்றி ஒன்றை இடையில் வைத்தாலும் ஹெர்ட்ஸ் மாறாது. 60 ஹெர்ட்ஸுக்கென்று மட்டும் செய்யப்பட்ட மின்மாற்றி 50 ஹெர்ட்ஸில் ஓடும்போது அதன் இரும்பு கூடுதலாகக் காந்தமேறும். அதனால் அது அதிகம் சூடாகும், சுற்றிலும் காந்தப்புலத்தை அதிகம் கசியவிடும், ரீங்காரமும் கூடும். வாங்கும்போது 230 அல்லது 240 வோல்ட் முதன்மைச் சுற்று, 50 ஹெர்ட்ஸ் என்ற இரண்டும் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

வெளியீட்டு மின்மாற்றி, ஒற்றை வால்வு ஆம்ப்ளிஃபயருக்கென்றே செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். அதன் வழியே எப்போதும் நேர்மின்சாரம் ஓடுவதால் இரும்புத் தகடுகளுக்கிடையே சிறு இடைவெளி விட்டிருப்பார்கள். இரட்டை வால்வு ஆம்ப்ளிஃபயரின் மின்மாற்றி இதற்கு உதவாது. ஸ்பீக்கரின் ஓம் அளவும் அதனுடன் பொருந்த வேண்டும். ஸ்பீக்கரை இணைக்காமல் ஆம்ப்ளிஃபயரை ஒருபோதும் இயக்கக்கூடாது.

மின்தேக்கி, மின்தடை போன்ற சில்லறைப் பாகங்களைச் சிங்கப்பூரில் சிம் லிம் டவரிலும், கோலாலம்பூரில் ஜாலான் பாசார் கடைகளிலும் தேடலாம்.

துளை போடுவதற்கு முன்

மின்வழங்கு மின்மாற்றி ஒரு முனையில், கிட்டார் செருகும் இடமும் 12ஏஎக்ஸ்7 வால்வும் மறுமுனையில் என்பது அடிப்படை விதி. வெளியீட்டு மின்மாற்றி இரண்டுக்கும் நடுவில், முடிந்தவரை தள்ளி இருக்கட்டும். மின்மாற்றியின் காந்தப்புலம் தூரத்துடன் வேகமாகக் குறையும். தூரம் இரு மடங்கானால் புலம் தோராயமாக எட்டில் ஒரு பங்காகிவிடும். இரண்டு சென்டிமீட்டர் தள்ளி வைப்பதுகூட வீண் போகாது.

அடுத்தது திசை. ஒரு மின்மாற்றியின் கம்பிச்சுருள் எந்த அச்சில் சுற்றப்பட்டிருக்கிறதோ, மற்றதன் அச்சு அதற்குச் செங்குத்தாக இருந்தால் காந்தத் தொற்று மிகவும் குறையும். ஆனால், இரும்புப் பெட்டியும் காந்தப்புலத்தைக் கடத்துவதால் சரியான 90 பாகையே சிறந்த கோணம் என்று சொல்ல முடியாது. அளந்துதான் பார்க்க வேண்டும்.

அளப்பது எளிது. மின்வழங்கு மின்மாற்றியை அதற்குரிய இடத்தில் பொருத்தி, பெட்டிக்கு எர்த் கொடுத்து, இரண்டாம் பக்கக் கம்பிகள் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் காப்பிட்டு மூட வேண்டும். அவற்றில் 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும் என்பதை மறக்கக்கூடாது. வெளியீட்டு மின்மாற்றியின் ஸ்பீக்கர் கம்பிகளை, மாறுமின்சார மில்லிவோல்ட் அளவில் வைத்த மீட்டருடன் இணைக்க வேண்டும். பிறகு மின்சாரம் கொடுத்து, வெளியீட்டு மின்மாற்றியை மெல்ல நகர்த்தியும் திருப்பியும் பார்த்தால் மீட்டரின் எண் ஏறி இறங்கும். எண் மிகக் குறையும் இடத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டு, பிளக்கைப் பிடுங்கிய பிறகு துளை போடலாம். மீட்டருக்குப் பதில் ஹெட்ஃபோனை இணைத்துக் காதால் கேட்டுப் பார்ப்பவர்களும் உண்டு.

கம்பிகள் செல்லும் ஒவ்வொரு துளைக்கும் ரப்பர் வளையம் வேண்டும். எர்த் கம்பிக்குத் தனித் திருகாணி ஒதுக்கி, அந்த இடத்தில் பெயின்டைச் சுரண்டி, பல் வளையத்துடன் இறுக்க வேண்டும். மின்மாற்றியைப் பிடித்திருக்கும் திருகாணியை அதற்குப் பயன்படுத்தக்கூடாது. இந்த ஆம்ப்ளிஃபயர் இழுப்பது கால் ஆம்பியருக்கு அருகில்தான். ஆகவே மூன்று முனை பிளக்கிலுள்ள 13 ஆம்பியர் ஃபியூஸை மட்டும் நம்பியிருக்க முடியாது. மின்மாற்றி தயாரிப்பாளர் குறிப்பிடும் சிறிய ஃபியூஸைப் பெட்டியிலேயே பொருத்த வேண்டும்.

சுருதியைக் கேட்டால் காரணம் தெரியும்

நம் நாட்டில் ரீங்காரம் பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ் அல்லது 100 ஹெர்ட்ஸில் வரும். கிட்டாரின் தடித்த ஆறாவது கம்பியை மூன்றாம் கட்டில் அழுத்தி மீட்டினால் எழும் ‘ஜி’ ஸ்வரம் 98 ஹெர்ட்ஸ். ரீங்காரம் ஏறக்குறைய அதே சுருதியில் இருந்தால் அது 100 ஹெர்ட்ஸ். அதற்கு ஒரு ஸ்தாயி கீழே இருந்தால் 50.

50 ஹெர்ட்ஸ் என்றால் வால்வுகளின் சூடேற்றும் இழையையோ, மின்மாற்றியின் காந்தப்புலத்தையோ, உள்ளீட்டுக் கம்பியையோ சந்தேகிக்கலாம். 100 ஹெர்ட்ஸ் என்றால் நேர்மின்சாரம் சரியாக வடிகட்டப்படவில்லை. இரண்டுமின்றி ‘ஜ்ஜ்’ என்று கரகரத்தால், பெரும்பாலும் எர்த் இணைப்பில் கோளாறு.

50 ஹெர்ட்ஸைக் குறைக்க

6வி6, 12ஏஎக்ஸ்7 இரண்டின் இழைகளும் சேர்ந்து 6.3 வோல்ட்டில் 0.75 ஆம்பியர் மாறுமின்சாரத்தை இழுக்கின்றன. அந்த இரு கம்பிகளையும் ஒன்றோடொன்று நெருக்கமாக முறுக்கி, பெட்டியின் மூலையை ஒட்டிக் கொண்டுசெல்ல வேண்டும். முறுக்கிய கம்பிகளின் எதிரெதிர்க் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று பெருமளவு அழித்துவிடும்.

இழைச் சுற்றுக்கு நடுமுனை இருந்தால் அதை எர்த்துடன் இணைக்கலாம். இல்லாவிட்டால் இரண்டு 100 ஓம் மின்தடைகளைக் கொண்டு செயற்கை நடுமுனை உருவாக்கலாம். இரண்டையும் சேர்த்துச் செய்யக்கூடாது. அந்த நடுமுனையை எர்த்துக்குப் பதிலாக 6வி6 வால்வின் கேத்தோடுடன் இணைத்தால், அங்குள்ள ஏறக்குறைய 20 வோல்ட் இழையைச் சற்று உயர்த்திவைக்கும். பல சமயங்களில் மீதி ரீங்காரமும் அதில் அடங்கிவிடும்.

உள்ளீட்டிலிருந்து 12ஏஎக்ஸ்7 வரை செல்லும் கம்பியைக் குட்டையாக வைப்பது நல்லது. உறையிட்ட கம்பியாக இருந்தால் உறையின் ஒரு முனையை மட்டும் எர்த் செய்ய வேண்டும்.

100 ஹெர்ட்ஸைக் குறைக்க

மின்தேக்கி ஒரு தண்ணீர்த் தொட்டி போன்றது. 60 ஹெர்ட்ஸ் நாட்டில் விநாடிக்கு 120 முறை நிரம்பும் தொட்டி, இங்கு 100 முறைதான் நிரம்புகிறது. அதே மின்தேக்கிக்கு இங்கு ஏற்ற இறக்கம் ஐந்தில் ஒரு பங்கு கூடும். ஆகையால், அமெரிக்க வரைபடத்தை அப்படியே பின்பற்றினாலும் நம்முடையது கொஞ்சம் கூடுதலாகவே ரீங்கரிக்கும்.

இரட்டை வால்வு ஆம்ப்ளிஃபயர்களில் இந்த ஏற்ற இறக்கம் வெளியீட்டு மின்மாற்றியில் தானாகவே பெரும்பாலும் நீங்கிவிடும். சேம்பில் ஒற்றை வால்வு என்பதால் அந்த வசதி இல்லை. முதல் மின்தேக்கிக்கும் வெளியீட்டு மின்மாற்றிக்கும் இடையே 220 ஓம், 5 வாட் மின்தடை ஒன்றையும், அதையடுத்து 22 மைக்ரோஃபேரட் மின்தேக்கி ஒன்றையும் சேர்த்தால், அந்த இடத்தில் ஏற்ற இறக்கம் சுமார் மூன்றில் ஒரு பங்காகும். இழப்பது 10 வோல்ட் அளவுதான். அதற்குப் பதிலாக முதல் மின்தேக்கியையே மிகப் பெரிதாக்கினால் 5ஒய்3 வால்வு தாங்காது. அதன் தரவுத்தாளிலுள்ள வரம்பை மீறக்கூடாது.

எர்த்தை வெட்டாதீர்கள்

மின்வழங்கு மின்மாற்றியின் உயர் அழுத்த நடுமுனையை முதல் மின்தேக்கியின் எதிர்முனைக்கே நேராகக் கொண்டுசெல்ல வேண்டும். மின்தேக்கி நிரம்பும்போது ஓடும் பலத்த துடிப்புகள் அந்தச் சிறு வட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடும். அங்கிருந்து 6வி6, பிறகு 12ஏஎக்ஸ்7, கடைசியாக உள்ளீடு என்ற வரிசையில் எதிர்முனைக் கம்பியை இழுத்து, உள்ளீட்டுக்கு அருகில் ஒரே இடத்தில் பெட்டியுடன் இணைத்தால் போதும்.

பிளக்கின் எர்த் கம்பியை வெட்டிவிட்டால் ரீங்காரம் போய்விடும் என்று சிலர் யோசனை சொல்வதுண்டு. கணினியையும் ஆம்ப்ளிஃபயரையும் சேர்த்து இணைக்கும்போது சில சமயம் உண்மையிலேயே ஓசை குறையும். ஆனால், அதன் பிறகு உள்ளே ஒரு கம்பி அவிழ்ந்து பெட்டியைத் தொட்டால், கிட்டார் கம்பிகள்வரை மின்சாரம் வந்துவிடும். வாசிப்பவரின் விரல்கள் அந்தக் கம்பிகளின் மேல்தான் இருக்கின்றன. இந்த யோசனையை யார் சொன்னாலும் ஏற்கக்கூடாது.

படிப்படியாகத் தேடுங்கள்

• முதல்முறை இயக்கும்போது பழைய இழை மின்விளக்கு ஒன்றைத் தொடராக இணைத்து இயக்குங்கள். விளக்கு தொடர்ந்து பிரகாசமாக எரிந்தால் உள்ளே குறுக்குத்தொடர்பு இருக்கிறது.

• இயக்கியவுடன் வீறிட்டால் அது ரீங்காரமன்று. வெளியீட்டு மின்மாற்றியின் ஸ்பீக்கர் பக்கக் கம்பிகள் இடம் மாறியிருக்கின்றன. நிறுத்தி, மாற்றிப் பற்றவையுங்கள்.

• கிட்டாரைப் பிடுங்கினால் ஓசை நின்றுவிடுகிறதா? அப்படியென்றால் ஓசை கிட்டாரின் பிக்அப் வழியாக வருகிறது. ஒற்றைச் சுருள் பிக்அப்புக்கு அது இயல்பு.

• ஒலியளவைச் சுழியமாக்கினால் குறைகிறதா? அப்படியென்றால் கோளாறு 12ஏஎக்ஸ்7 வால்வின் முதல் பாதியில் அல்லது உள்ளீட்டில்.

• குறையாவிட்டால், நிறுத்தி 12ஏஎக்ஸ்7 வால்வைக் கழற்றிவிட்டு இயக்குங்கள். ஓசை நின்றால் அந்த வால்வின் இரண்டாம் பாதி. தொடர்ந்தால் மின்தேக்கிகள், 6வி6 அல்லது மின்மாற்றியின் திசை.

• 6வி6 வால்வைக் கழற்றி இயக்காதீர்கள். சுமையில்லாதபோது மின்னழுத்தம் 450 வோல்ட்டைத் தாண்டி மின்தேக்கிகள் வெடிக்கக்கூடும்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றத்தைச் செய்து, அதை நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைப்பது நல்ல பழக்கம். இவ்வளவு செய்த பிறகும் ஸ்பீக்கரில் காதை வைத்தால் மெல்லிய ஓசை கேட்கும். வால்வு ஆம்ப்ளிஃபயருக்கு அது இயல்பே. நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்கும் தூரத்தில் அது கேட்காவிட்டால் வேலை முடிந்தது, கிட்டாரை எடுக்கலாம்.