ஏற்காடு எக்ஸ்பிரஸும் ஒரு பூட்டும்

போன மாசம் ஏற்காடு எக்ஸ்பிரஸ்ல போனேன். பேர்தான் ஏற்காடு, ரயில் மலை ஏறாது. சேலத்துல இறங்கி, 20 கொண்டை ஊசி வளைவைப் பஸ்லதான் கடக்கணும்.

பெர்த்தில் படுத்திருந்தப்போ ஒரு கேள்வி. இதே பெர்த்தை அதே நொடியில் சேலம் கவுன்டர்லயும் சென்னை கவுன்டர்லயும் கேட்டிருந்தா?

நோட்டுல எழுதின காலத்தில் சிக்கல் இல்லை. நோட்டு ஒருத்தர் கையில்தான் இருக்கும். 1980களில் முன்பதிவு கம்ப்யூட்டருக்கு மாறுச்சு. பிறகு வந்த ‘கன்சர்ட்’ மென்பொருள் 1999க்குள் சென்னை உட்பட 5 மையங்களை இணைச்சது. அது ஓடியது டிஇசி கம்பெனியோட விஎம்எஸ் மேல.

விஎம்எஸ்ஸுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது கிளஸ்டர். 1983ல டிஇசி வாக்ஸ்கிளஸ்டரை அறிவிச்சது. பல கம்ப்யூட்டர்கள், பொதுவான டிஸ்க்குகள். எந்த மெஷினும் நேரா எழுதலாம். இன்னைக்கு நாம சொல்ற ‘சான்’, அதாவது ஸ்டோரேஜ் ஏரியா நெட்வொர்க், இதோட வாரிசு மாதிரி.

எழுதுறதுக்கு முன்னாடி மத்த மெஷின்கள்கிட்ட பூட்டு கேட்கணும். வேற யாராவது வச்சிருந்தா காத்திருக்கணும். நடுவுல தொடர்பு அறுந்தா? பெரும்பான்மை ஓட்டு இல்லாத பக்கம் தானா நின்னுடும். தப்பா எழுதுறதைவிட எழுதாம நிற்கிறது மேல்.

1990களில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பிறந்த ஜிஎஃப்எஸ்ஸும் இதே வழிதான். 2003ல அதை வச்சிருந்த சிஸ்டினாவை ரெட்ஹேட் வாங்குச்சு. ஜிஎஃப்எஸ்2 2006ல லினக்ஸ் கெர்னலுக்குள்ள வந்தது.

இதெல்லாம் தெரியாம, முதல் வேலையில் நான் ஒரே சான் டிஸ்க்கை ரெண்டு சர்வர்ல மவுன்ட் பண்ணேன், சாதாரண எக்ஸ்ட்4ல. ரெண்டுலயும் டிஸ்க் தெரிஞ்சது, செம சந்தோஷம். ஆனா ஒவ்வொரு சர்வரும் தன் மெமரியில இருந்த பழைய கணக்கையே நம்புச்சு. ஒண்ணு எழுதின இடத்தை இன்னொண்ணு காலின்னு நினைச்சு மேலேயே எழுதிடுச்சு. காலையில பாதி ஃபைல் குப்பை. பேக்கப்தான் காப்பாத்துச்சு.

இப்போ என் வரிசை இது: முதல்ல கிளஸ்டரில் யார் யார்னு முடிவு. அடுத்து ஃபென்சிங், அதாவது பதில் சொல்லாத சர்வரை டிஸ்க்கிலிருந்து வெட்டி விடுறது. அப்புறம் பூட்டு சர்வீஸ். மவுன்ட் கமாண்ட் கடைசியில்தான்.

அந்த ராத்திரி என் பெர்த்தைக் கேட்டு யாரும் வரலை. நிம்மதியா தூங்கினேன்.