கல்பாக்கம்: கண்காணிப்புக்கு வெளியே

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, செங்கல்பட்டு மாவட்டக் கடலோரத்தில் உள்ள கல்பாக்கம் அணு உலைகள் சர்வதேச அணுசக்தி முகமையின் கண்காணிப்புக்கு உட்படாதவை. 1957-இல் உருவான, வியன்னாவிலிருந்து இயங்கும் அம்முகமை, மின் உற்பத்திக்கான அணுப்பொருள் ஆயுதமாக மாறவில்லை என்பதைக் கணக்கேடு, முத்திரை, கேமரா, நேரடி ஆய்வு ஆகியவற்றால் சரிபார்க்கிறது. ஆனால், அந்தந்த நாடு ஒப்புக்கொண்ட இடங்களில் மட்டுமே!

அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை; எனவே எல்லா உலைகளையும் கண்காணிப்புக்குத் தரும் கட்டாயம் அதற்கு இல்லை.

எனினும், குடிமை, ராணுவ அணு நிலையங்களைத் தனித்தனியாக்கும் 2006-ஆம் ஆண்டின் பிரிப்புத் திட்டத்தில் 14 உலைகளைக் கண்காணிப்புக்குத் தர இசைந்தது. முகமையுடனான உடன்பாடு 2009-இல் கையெழுத்தானது. கூடங்குளத்தின் ரஷ்ய உலைகள் கண்காணிப்பில் உள்ளன. கல்பாக்கத்தின் இரு கனநீர் உலைகளும் 500 மெகாவாட் முன்மாதிரி அதிவேக ஈனுலையும் வெளியே நிறுத்தப்பட்டன. எரிப்பதைவிட அதிகமான எரிபொருளை, அதாவது ஆயுதத்துக்கும் பயன்படக்கூடிய புளூட்டோனியத்தை, உருவாக்கும் வகையில் வடிவமைக்கப்பட்டது ஈனுலை. இந்த விலக்கை ஆயுதக் கட்டுப்பாட்டு வல்லுநர்கள் விமர்சிப்பது நியாயமே.