முத்தையா முரளிதரன்

முத்தையா முரளிதரன் (பிறப்பு: ஏப்ரல் 17, 1972, கண்டி) இலங்கைத் துடுப்பாட்ட அணியின் முன்னாள் வலதுகைச் சுழற்பந்து வீச்சாளர். 1992 ஆகஸ்டில் கொழும்பில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகத் தன் முதல் டெஸ்டில் ஆடினார். 133 டெஸ்டுகளில் 800 விக்கெட்டுகள், ஒருநாள் போட்டிகளில் 534 விக்கெட்டுகள் என்பன அவருடைய கணக்கு. 1996இல் உலகக்கிண்ணம் வென்ற அணியிலும் இருந்தார்.

பிறவியிலேயே அவரது முழங்கை முழுதாக நிமிராது. இதனால் அவர் பந்தை எறிகிறார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 1995 டிசம்பரில் மெல்பேர்னில் நடுவர் டாரல் ஹெயர் அவருடைய பந்துகளை ஏழு முறை 'நோபோல்' என்றார். வேறொருவராயின் அத்தோடு முடங்கியிருப்பார். முரளி ஆய்வுகூடங்களில் தன் கையை மீண்டும் மீண்டும் பரிசோதனைக்கு உட்படுத்தினார். பின்னர் பன்னாட்டுத் துடுப்பாட்ட அவை எல்லாப் பந்துவீச்சாளருக்கும் முழங்கை 15 பாகை வரை நிமிரலாம் என விதித்தது. சர்ச்சை முற்றாக ஓயவில்லை என்பதும் உண்மையே.

1998இல் இலண்டன் ஓவல் மைதானத்தில் 220 ஓட்டங்களுக்கு 16 விக்கெட்டுகளை வீழ்த்தினார். இங்கிலாந்து மண்ணில் இலங்கையின் முதல் டெஸ்ட் வெற்றி அதுவே.

2010 ஜூலையில், இந்தியாவுக்கு எதிரான காலி டெஸ்டுடன் விலகுவதாக முன்கூட்டியே அறிவித்தார். அப்போது 800ஐ எட்ட எட்டு விக்கெட்டுகள் தேவைப்பட்டன. ஏழு கிடைத்தன, இந்தியாவின் கடைசி இணை நெடுநேரம் தாக்குப்பிடித்தது. இறுதியில் பிரக்யான் ஓஜா தட்டிய பந்தை மகேல ஜயவர்தன பிடித்தார். டெஸ்டில் முரளி வீசிய கடைசிப் பந்து அது.