கண் திறவா உருவங்கள்

தோட்டத் தமிழருக்கு ஆளுயர மனித உருவம் புதிதன்று. கோலசிலாங்கூர் வட்டாரத்து இரப்பர்க் காடுகளில் குடியேறியோர், தோட்டத்தின் எல்லையில் முனியாண்டிக்கும் மதுரை வீரனுக்கும் உருவம் சமைத்தனர். வசதியற்ற இடத்தில் வெறுங்கல்லே தெய்வமாயிற்று. முறுக்கிய மீசையும் உருட்டி விழித்த கண்ணும் அமைந்த அவ்வுருவம், கண் திறக்கும் சடங்கு முடியும்வரை வெறும் சுதையே. முடிந்தபின் காவல் தெய்வம். அருங்காட்சியகத்து உருவத்திற்கோ கண் திறப்பார் எவருமிலர்.

இவ்வகைக் காட்சியைப் புகழ்பெறச் செய்தவர் சுவீடன் நாட்டு ஆர்தர் ஹசேலியஸ். 1873-இல் ஸ்டாக்ஹோமில் அவர் உழவரின் உடைகளை ஆணியில் மாட்டி வைக்கவில்லை. ஆளுயர உருவங்களுக்கு அணிவித்து, குடும்பக் காட்சிகளாக அமைத்தார். ஆலைகள் பெருகி, பழைய உழவர் வாழ்வு மறையத் தொடங்கிய காலம் அது. 1896-இல் நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் சேர்ந்த பிரான்ஸ் போவாஸ் இம்முறையின் குறையையும் கண்டார். உருவம் எவ்வளவு உயிர்ப்புடன் அமைகிறதோ, அவ்வளவு அதன் அசையாமை உறுத்தும். ஆகவே ஓய்வு நிலையில் காட்டுவதே தக்கது என்பது அவர் கருத்து.

அக்கருத்தின் உண்மையை மலேசியத் திருமணக் காட்சியில் காணலாம். மலாய் மணமக்கள் மேடையில் அசையாது வீற்றிருப்பதே மரபு. அங்கே பொம்மை பொருந்துகிறது. பால் வெட்டுவோரின் நிலை வேறு. விடியுமுன் பிரட்டுக்கு எழுந்து, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டு, நிரை நிரையாக மரம் வெட்டி, மங்கில் பால் வடியும்வரை காத்திருந்து, மீண்டும் அதே நிரையில் பாலைச் சேர்த்து, வாளிகளைச் சுமந்து கிராணியின் முன் நிறுவைக்கு நிற்கும் பெண்ணை எந்த ஒரு கணத்தில் நிறுத்துவது? கத்தியும் மரமுமாக நிறுத்தினால் குழந்தையும் நிறுவையும் மறைந்துவிடுகின்றன.

மறைவு இம்மண்ணில் வேறுவகையிலும் நிகழ்ந்தது. பத்தாங் பெர்ஜுந்தை அருகே 1917-இல் ஹென்றி ஃபோகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை அமைத்தார். பெயரோ தென்னமரம், நட்டதோ செம்பனை! பின்னாளில் இரப்பர்க் காடுகள் பல செம்பனைக்கு வழிவிட்டன. மக்கள் நகர்ப்புறம் பெயர்ந்தனர். 2007-இல் அவ்வூரே பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிற்று.

ஆகவே, இனிப் பிறக்கும் பிள்ளைகளில் பலர் பால் வெட்டும் தொழிலைப் பொம்மையின் வழியாகவே காண்பர். மரத்தில் வெட்டு, இடப்புறம் மேலிருந்து வலப்புறம் கீழாகச் சாயும். அதை மாற்றிச் செதுக்கி வைத்தாலும் பார்வையாளர் அறியார். பழைய வெட்டுக்காரி ஒருத்தி எதிரே நின்றால் கண்டவுடன் சொல்லிவிடுவாள். அவளை அழைத்துக் கேட்கவேண்டிய காலமும் குறுகி வருகிறது.